வாசலில் பிரிக்கும் இன்ஜின்

மோட்டார் சைக்கிள் இன்ஜினை உரிமையாளரே பிரித்துப் பார்த்து மாட்டுவது தமிழ்நாட்டில் ஏறக்குறைய நூறாண்டுப் பழக்கம். அதன் புகழ்பெற்ற தொடக்கம் கோவைப் பக்கத்தில் இருக்கிறது. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மனத்தைப் பறிகொடுத்தார். அதை வாங்குவதற்காகவே கோவையில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அக்கு அக்காகப் பிரித்தார், மறுபடி மாட்டினார். பள்ளிக்கூடம் சொல்லித் தராத இயந்திர அறிவு அந்த ஒரு வண்டியில் அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டியதற்கும், கோவையில் தொழிற்கல்வி நிலையங்களை உருவாக்கியதற்கும் அடித்தளம் அங்கேதான்.

திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூரில் இந்தப் பழக்கத்துக்கு வேறொரு வலு உண்டு. இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையிலும், மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் லேத், மில்லிங், கிரைண்டிங், பிரஸ் என்று இரும்போடு பழகுகிறவர்கள் வேலை செய்கிறார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷிப்டுக்கு வருகிறவர்களில் பலருக்கு இருசக்கர வாகனமே கதி. வண்டி நின்றால் வேலைக்குப் போவதே சிக்கலாகிவிடும். அதே சமயம், பகலில் வெர்னியர் பிடித்து அளக்கும் கைதான் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஸ்பேனர் பிடிக்கிறது. வீட்டில் இன்ஜின் வேலை செய்ய முதலில் தைரியம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தைரியத்துக்கு முன்னால் வேண்டியது அளவு. அளக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு நெருக்கமாக வாழும் வட்டாரம் தமிழ்நாட்டில் குறைவு.

வட்டாரத்தின் வரலாறும் அப்படித்தான் அமைந்தது. புல்லட் மோட்டார் சைக்கிள் இந்தியாவில் பிறந்த இடம் திருவொற்றியூர். 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்படும் வரை அது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் வெளிநாட்டு உதிரிகளை வைத்துப் பூட்டிய வண்டி, சில ஆண்டுகளில் இங்கேயே செய்த பாகங்களால் ஆன வண்டியாயிற்று. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலேயே வந்துவிட்டது. போல்ட்டும் நட்டும் செய்ய 1960-களில் பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் வந்தது. ஆவடியில் அதே காலத்தில் கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா டாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் 1998-இல் வெளிவந்தது. ஆகவே காக்களூரில் ஒருவர் பழைய புல்லட்டின் ஹெட்டைக் கழற்றும்போது கையில் படும் உதிரிகளில் பலவும், இதே வட்டாரத்தில் வார்த்துக் கடைந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

திறக்கும் முன்

இன்ஜின் வேலையில் முதல் பாடம், திறக்கத் தேவையில்லாத இன்ஜினைத் திறக்கக் கூடாது என்பது. வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் இல்லை, புகை அடிக்கிறது என்ற புகார்களில் இன்ஜினைத் திறக்காமலே தீரக்கூடியவை உண்டு. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர், கிளட்ச் கேபிள், டாப்பெட் ஆகியவற்றைப் பார்த்து முடிக்காமல் ஹெட் நட்டில் ஸ்பேனர் போடுவது வீண் செலவு.

புகையின் நிறம் பேசும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும்தான் சந்தேகத்துக்கு உரியவை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கக் கூடும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் நீலமாக அடித்துப் பிறகு நின்றுவிட்டால் வால்வ் சீல் பக்கம் பார்க்க வேண்டும். மார்கழிக் காலையில் சைலன்சர் வாயில் வரும் வெள்ளை ஆவி வெறும் ஈரம். அதற்காக யாரும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

பிளக்கின் முனையும் அப்படியே சாட்சி சொல்லும். வெளிர் பழுப்பு நிறம் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. ஈரப் பிசுக்கான கருமை ஆயிலைக் காட்டுகிறது. வெளுத்துச் சுட்ட நிறம் இருந்தால் கலவையில் காற்று மிகுதி, அல்லது எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது.

இதற்கு மேல் ஒரு சோதனை உண்டு. வீட்டில் வேலை செய்பவர் எவரும் விடக் கூடாதது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பலமுறை கிக் செய்ய வேண்டும். கேஜ் காட்டும் அளவு அந்த மாடலுக்குரியதைவிடக் குறைவாக இருந்தால், பிளக் ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி கிக் செய்ய வேண்டும். இப்போது அளவு கணிசமாக ஏறினால் ஓட்டை ரிங் பக்கம்: ஊற்றிய ஆயில் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையே தற்காலிகமாக அடைத்துக்கொண்டது. ஏறவில்லை என்றால் வால்வ் பக்கமோ ஹெட் பேக்கிங் பக்கமோ கசிகிறது. சில நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனை, பிளாக்கைத் தொட வேண்டுமா, ஹெட்டோடு நிறுத்தலாமா என்பதைத் தீர்மானித்துவிடும். மெக்கானிக் கடையில் கூட இதைச் செய்யாமல் 'போர் போய்விட்டது' என்று சொன்னால், உரிமையாளர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

கம்ப்ரஷன் குறைந்தால் முதலில் டாப்பெட்டைச் சரிபார்ப்பது முறை. டாப்பெட் இறுகிப் போனால் வால்வ் முழுதாக உட்காராது. அதனாலும் கம்ப்ரஷன் போகும், நாளடைவில் வால்வும் கருகும். டாப்பெட் இடைவெளியை அளக்க வேண்டியது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. மேக்னட்டில் உள்ள 'டி' குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தால் பிஸ்டன் மேலே நிற்கிறது என்று பொருள். ஆனால் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்கு இருமுறை மேலே வரும். இரண்டு ராக்கர்களும் லேசாக ஆடினால்தான் அது கம்ப்ரஷன் நிலை. ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். 100 சிசி வண்டிகளில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஃபீலர் கேஜ் இல்லாமல் கைப்பதத்தில் வைக்கக் கூடாது. பழைய இரும்பு பிளாக் புல்லட்டில் முறை வேறு: ஆறிய நிலையில் புஷ் ராடு மேலும் கீழும் ஆடாமல், விரலால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். 2009-க்குப் பின் புல்லட்டுக்கு வந்த யூசிஇ இன்ஜினில் ஹைட்ராலிக் டாப்பெட் வந்துவிட்டதால் இந்த வேலையே இல்லை. ஒரே பெயருள்ள வண்டியிலும் இன்ஜின் தலைமுறை தெரியாமல் கை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

ரிங் ஏன் தேய்கிறது என்பதையும் திறக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தொழிற்பேட்டைச் சாலைகளில் லாரி கிளப்பும் புழுதியில் மணல் துகள் உண்டு. கிழிந்த ஏர் ஃபில்டர், சரியாக உட்காராத ஃபில்டர் மூடி, வெடித்த ரப்பர் குழாய் ஆகியவற்றின் வழியே அது உள்ளே போனால், ஆயிலோடு கலந்து சிலிண்டரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிஸ்டன் மாற்றிவிட்டு ஃபில்டரை மாற்றாமல் விட்டால், புதுப் பிஸ்டனுக்கும் அதே கதிதான்.

இடமும் கருவியும்

வாசல், திண்ணை, கார் நிறுத்துமிடம் எதுவானாலும் தரை சமமாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பக்கத்து அறை வரை போகும். சமையல் அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்திச் சுருள், மின் சுவிட்ச் எதுவும் அதைப் பற்றவைக்கப் போதும். 2024 மே மாதம் காக்களூர் சிட்கோவில் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் பற்றிய தீ உயிர்களைப் பறித்தது. எளிதில் தீப்பற்றும் திரவம் என்ன செய்யும் என்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலால் உதிரிகளைக் கழுவும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ, அதற்கென்றே விற்கும் கிளீனரோ அதைவிடப் பாதுகாப்பானவை; அவற்றையும் நெருப்பிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். டேங்கைக் கழற்றி வெளியே வைப்பதும், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுவதும் வேலையின் தொடக்கம். மூடிய அறைக்குள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து: சைலன்சரில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கருவிகளில் சிக்கனம் செலவில்தான் முடியும். நல்ல ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் செட்டும் அடிப்படை. திறந்த வாய் ஸ்பேனரால் ஹெட் நட்டைக் கழற்றினால் முனை மழுங்கும். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் கிராங்க் கேஸ் மூடியைப் பிடிக்கும் நட்சத்திர ஸ்குரூக்கள் ஆண்டுக்கணக்கில் இறுகிப்போயிருக்கும். சாதாரண ஸ்குரூ டிரைவர் அவற்றின் தலையை வழித்துவிடும். சுத்தியலால் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவர் ஒரு தட்டில் விடுவிக்கும். மேக்னட்டை எடுக்க அந்த மாடலுக்குரிய புல்லர் மட்டுமே சரி. கடப்பாரை நெம்புகோலும் சுத்தியலும் கிராங்க் முனையைக் கெடுத்துவிடும். சில மாடல்களில் இடது மரை நட்டும் உண்டு. சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் பலத்தைக் காட்டினால் நட்டு இன்னும் இறுகும், அல்லது முறியும்.

பிரிக்கும் வரிசை நினைவில் நிற்கும் என்று நம்பக் கூடாது. கிளட்ச் மூடியின் ஸ்குரூக்கள் ஒரே தடிமனாக இருந்தாலும் நீளத்தில் வேறுபடும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் போட்டு முறுக்கினால் உள்ளே அலுமினிய மரை உடையும், சில இடங்களில் கிராங்க் கேஸே விரியும். ஓர் அட்டையில் மூடியின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு ஸ்குரூவைக் குத்திவைப்பது பழைய முறை. செல்போனில் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுப்பது இன்றைய முறை. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களுக்குக் கடைசியில் ஒரு வாஷர்கூட மிஞ்சுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த இன்ஜினை வாசலில் விட்டுவைத்தால் இரும்பு சிலிண்டர் ஓர் இரவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். ஆயில் தடவிப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெரிய வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வீடு முடியும் இடம், பட்டறை தொடங்கும் இடம்

இன்ஜினைப் பிரிப்பது வீட்டு வேலை. சிலிண்டரைக் கடைவது பட்டறை வேலை. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவது மைக்ரோமீட்டர். வீட்டு வேலை கற்றுத்தரும் பாடங்களில் தலையானது இதுதான்.

ஸ்ப்ளெண்டர் வகை 97.2 சிசி இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மி.மீ. அந்த 50 மி.மீ. துளைக்குள் பிஸ்டன் ஓடத் தேவையான இடைவெளி, புதிதாக இருக்கும்போது 0.01 முதல் 0.04 மி.மீ. வரைதான். மனிதத் தலைமுடியின் தடிமன் இதைவிட அதிகம். சாதாரண வெர்னியரின் மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ. என்பதால் இங்கே அது போதாது. வெளி விட்டத்துக்கு 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரும், உள் விட்டத்துக்கு டயல் வைத்த போர் கேஜும் வேண்டும். காக்களூர் போன்ற ஊரில் இவை இரண்டும் கிடைப்பது அரிதல்ல. ஐடிஐயில் ஃபிட்டரோ மெஷினிஸ்ட்டோ படித்தவருக்கு அவற்றைப் பிடிக்கவும் தெரியும்.

எங்கே அளப்பது என்பதிலும் நுட்பம் உண்டு. பிஸ்டன் பார்வைக்கு நேர் உருளையாகத் தெரியும். உண்மையில் அதன் தலைப்பக்கம் குறுகியும், அடிப்பக்கம் அகன்றும், குறுக்குவாட்டில் சற்றே நீள்வட்டமாகவும் இருக்கும். காரணம் வெப்பம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரியக்கூடியது; எரியும் வாயு நேரடியாகப் படும் தலைப்பக்கம் மற்ற பகுதியைவிட அதிகம் விரியும். சூடேறிய பிறகு சரியான உருவம் பெறுவதற்காகவே குளிர்ந்த நிலையில் அந்தக் கோணல் வைக்கப்படுகிறது. எனவே பிஸ்டனை அளக்க வேண்டிய இடம், அடி விளிம்பிலிருந்து சற்று மேலே, பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில். தலையில் அளந்துவிட்டு 'தேய்ந்துவிட்டது' என்று தூக்கி எறிவது அறியாமை. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொன்றிலும் இரு திசைகளிலும் அளக்க வேண்டும். பெரும்பாலும் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். விரலால் தடவினால் அங்கே ஒரு மெல்லிய படி தட்டுப்படும்.

தேய்மானம் வரம்பைத் தாண்டியிருந்தால் சிலிண்டரைப் போரிங் பட்டறைக்கு அனுப்பி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டன்கள் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கின்றன. பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் சிலிண்டரோடு சேர்த்துப் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் கடையச் சொல்வதுதான் சரியான வரிசை. 50 மி.மீ. சிலிண்டரில் கடைசிப் படியான 1 மி.மீ. வரை போனால், 97.2 சிசி இன்ஜின் ஏறக்குறைய 101 சிசி ஆகும். சக்தி கூடும் என்று தேவையில்லாமல் நேராகக் கடைசிப் படிக்குத் தாவுகிறவர்கள், எதிர்காலத்தில் மூன்று முறை கடையக்கூடிய சிலிண்டரின் ஆயுளை ஒரே நாளில் தின்றுவிடுகிறார்கள். கடைந்த பிறகு ஹோனிங் கல்லால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் போட வேண்டும். ஆயில் தங்குவதும் புது ரிங் அமர்வதும் அந்தக் கீறல்களில்தான். பட்டறையிலிருந்து வந்த சிலிண்டரைச் சோப்பு நீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து ஆயில் பூச வேண்டும். வெறுமனே டீசலில் அலசினால் ஹோனிங் துகள் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை வராத வரை கழுவியே தீர வேண்டும். இதில் அலட்சியம் கூடாது.

கிராங்க் வேலை முழுக்கப் பட்டறையைச் சேர்ந்தது. கனெக்டிங் ராடு மேலும் கீழும் ஆடினால் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. புது ராடு போட கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி சேர்த்து, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்து நேராக்க வேண்டும். வாசலில் அதற்கு வழி கிடையாது. வால்வ் லேப்பிங் வீட்டில் செய்யலாம்: பசை தடவி, உறிஞ்சிப் பிடிக்கும் குச்சியால் உருட்டி, சீட்டில் சாம்பல் நிற வளையம் சீராகத் தெரியும் வரை. முடித்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால், கசிகிறதா என்பது உடனே தெரியும். சீட்டே குழிந்திருந்தால் கட்டர் வைத்திருக்கும் பட்டறைதான் வழி.

1996-இல் தயாரிப்பு நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் வால்வ் இல்லை; அதனால் எளிது என்று தோன்றும். ஆனால் அங்கே சிலிண்டர் சுவரிலேயே வாசல்கள் வெட்டப்பட்டிருக்கும். ரிங்கின் வாய் அந்த வாசலில் சிக்காதபடி பள்ளத்தில் ஒரு குட்டி முளை நிறுத்தியிருக்கும். ரிங் வாய் அந்த முளையில் உட்காராமல் பிளாக்கை இறக்கினால் ரிங் ஒடியும். கிராங்க் ஆயில் சீல் தளர்ந்தால் காற்றுக் கசிந்து கலவை மெலிந்து பிஸ்டன் ஜாம் ஆகும். இதைக் கண்டுகொள்ளாமல் கார்புரேட்டரையே திரும்பத் திரும்பக் கழற்றுவது பரவலான தவறு.

மாட்டும் கை

பிரிக்க ஒரு மணி நேரம் ஆனால், மாட்ட மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். புது ரிங்கை முதலில் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். 50 மி.மீ. சிலிண்டருக்கு அது பொதுவாக 0.10 முதல் 0.30 மி.மீ.க்குள் இருக்கும். இடைவெளியே இல்லாமல் போட்டால் சூட்டில் ரிங் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கிழிக்கும். ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே வர வேண்டும். நான்கு ஸ்ட்ரோக்கில் ரிங்குகளின் வாய்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்காமல், 120 டிகிரி வீதம் விலகி நிற்க வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறியோ எழுத்தோ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் மேனுவலில் இருக்கும்.

பிஸ்டன் பின் சர்க்ளிப் சில ரூபாய்ச் சாமான். பழையதையே மாட்டி அது ஓட்டத்தில் கழன்றால் சிலிண்டர், பிஸ்டன் இரண்டும் போகும். ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். போடும் முன் கிராங்க் கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைக்க வேண்டும். துணி அடைக்காத வாயில் சர்க்ளிப் தவறி விழுந்தால், ஹெட் வேலை முழு இன்ஜின் வேலை ஆகிவிடும்.

டைமிங் செயின் மாட்டும்போது மேக்னட்டின் 'டி' குறியும், கேம் ஸ்பிராக்கெட்டின் குறியும் ஒரே நேரத்தில் அதனதன் கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பல் தவறினால் வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடும், இழுக்காது. பல பல் தவறினால் வால்வ் பிஸ்டனில் மோதி வளையும். டென்ஷனரை மாட்டிய பிறகு கிக்கரை உடனே உதைக்கக் கூடாது. பிளக் இல்லாமல், மேக்னட்டைக் கையால் மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றி, எங்கும் முட்டாமல் குறிகள் மறுபடி கூடுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

ஹெட் நட்டுகளைக் குறுக்கு மூலையாக, இரண்டு மூன்று சுற்றுகளில் படிப்படியாக இறுக்க வேண்டும். இதற்கு டார்க் ரெஞ்ச் தவிர வேறு வழி இல்லை. லாரியின் இரும்பு நட்டை இறுக்கிப் பழகிய கை, அலுமினிய மரையை அறியாமலே அறுத்துவிடும். ஆயில் வடிக்கும் போல்ட்டில் மரை போவது இப்படித்தான். பிறகு ஹெலிகாயில் போட வேண்டிவரும். பேக்கிங் விஷயத்திலும் மிகை ஆபத்து. சென்னை நிறுவனத்தின் தயாரிப்பான அனபாண்ட், மெக்கானிக் பேச்சில் பசைக்கே பொதுப்பெயராகிவிட்டது. அதைத் தாராளமாக அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, துண்டாகி, ஆயில் போகும் துளையை அடைக்கும். பேக்கிங் தாள் நல்லதாகவும் இரு பரப்பும் சுத்தமாகவும் இருந்தால் பெரும்பாலான இடங்களில் பசையே வேண்டாம்.

உதிரிகளுக்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் பெயர்பெற்றவை. டூப்ளிகேட் ரிங்கும் ஆயில் சீலும் விலையில் பாதி, ஆயுளில் அதையும்விடக் குறைவு. பழைய கிராங்க் கேஸ் வாங்குகிறவர் அதிலுள்ள எண்ணைப் பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். இன்ஜின் எண் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்தைத் தடுக்கிறது.

ஆயிலும் ஓட்டமும்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. காருக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து இருக்கக்கூடும். அது கிளட்ச் பிளேட்டை வழுக்கவிடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். 20டபிள்யூ40, 10டபிள்யூ30 போன்ற எண்களில் எது என்பதைக் கம்பெனி மேனுவல் சொல்லும். பக்கத்து வீட்டு வண்டிக்கு ஊற்றியதைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

வேலை முடிந்த இன்ஜினை முதலில் பிளக் இல்லாமல் பலமுறை உதைத்து, ஹெட் வரை ஆயில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு நின்ற இடத்தில் நெடுநேரம் முறுக்குவது கெடுதல், காற்றில்லாமல் சூடேறும். முதல் 500 கி.மீ. வரை முழு ஆக்ஸிலேட்டர், இருவர் சுமை, ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஆகியவற்றைத் தவிர்த்து, அதன்பின் ஆயிலை மாற்ற வேண்டும். அந்த ஆயிலில் மினுமினுக்கும் நுண்துகள் வருவது இயல்பு. விரலில் சிக்கும் அளவுக்குத் துண்டு வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி திறக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பிடித்துக்கொண்டது. புது வண்டியில் சென்சார் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது வேலை ஆகாது. கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஆயில், ஃபில்டர், பிளக், செயின் ஆகியவை இன்றும் வீட்டு வேலைதான். வாரண்டி உள்ள வண்டியின் இன்ஜினை வெளியில் திறந்தால் அந்த உரிமை போகும். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு வேறு கவலை: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் சீலையும் தளர்த்தக்கூடும், ஈரத்தையும் இழுக்கும். வண்டி வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து வடித்துவிட வேண்டும்.

வேலையின் கடைசிப் பகுதி கழிவு ஆயில். வடித்த கறுப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும், வாசல் மண்ணில் கொட்டுவதும், விறகோடு சேர்த்து எரிப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அதில் தேய்ந்த உலோகமும் எரிந்த எச்சமும் உண்டு. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருவது அது. சாக்கடை நீர் போய்ச் சேருவது ஏரியில். காக்களூருக்கு ஏரியும் இருக்கிறது, கிணறும் ஆழ்துளையும் இருக்கின்றன. ஒரு வண்டியில் வடிவது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதைப் பழைய ஆயில் டப்பாவிலேயே ஊற்றி, மூடி இறுக்கி, கழிவு ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.